பழைய பெட்டிக்குப் புது ஓஎஸ்: வாசகர் கேள்வி பதில்

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து இந்தப் பகுதிக்கு வருவதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விதான், ஊரும் கம்ப்யூட்டரும் மட்டும் வேறு. சரி, இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே கொடுத்துவிடலாம்.

கேள்வி: என்னிடம் 2014-இல் வாங்கிய டெஸ்க்டாப் இருக்கிறது. ஐ3 புராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10-க்கு இனி ஆதரவு இல்லை என்று திரையில் வந்துகொண்டே இருக்கிறது. கடைக்காரர் "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்க சார்" என்கிறார். நான் பார்ப்பது மெயில், யூடியூப், பேரனோடு வீடியோ கால், ஓய்வூதியர் சங்கத்துக்கு எழுதும் கடிதங்கள், அவ்வளவுதான். என்ன செய்யலாம்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவகோட்டை)

பதில்: தூக்கிப் போட வேண்டாம் சார். நீங்கள் சொன்ன வேலைகளுக்கு அந்தப் பெட்டியே இன்னும் சில வருஷம் தாங்கும். ஆனால் அதில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. மைக்ரோசாஃப்ட் கேட்பது இன்டெல்லில் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல் (ஓரிரு விதிவிலக்கு தவிர), டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப், கம்ப்யூட்டர் தொடங்கும்போதே சரிபார்க்கும் செக்யூர் பூட். உங்கள் புராசஸர் பெயரில் ஐ3-க்கு அப்புறம் வரும் எண்ணைப் பாருங்கள். 4130, 4150 என்று நான்கில் தொடங்கினால் நான்காம் தலைமுறை. 8100 என்றால் எட்டு. 10100 என்றால் பத்து. 2014-இல் வாங்கியது என்றால் உங்களுடையது நாலைத் தாண்டியிருக்காது.

ஆக உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, இன்னும் கொஞ்ச நாள் விண்டோஸ் 10-இலேயே இருப்பது. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் தருகிறேன் என்று மைக்ரோசாஃப்ட் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போனால் பதிவு செய்யும் இணைப்பு இருக்கும். 30 டாலர் கட்டலாம், இல்லை ரிவார்ட்ஸ் புள்ளி 1000 இருந்தால் கொடுக்கலாம், இல்லை கம்ப்யூட்டரின் செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் காசே வேண்டாம். எந்த வழியானாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று வேண்டும், விண்டோஸ் 10-இல் கடைசியாக வந்த 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும். இது அவகாசம் வாங்குவதுதான், தீர்வு இல்லை.

இரண்டாவது, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச ஓஎஸ்ஸான லினக்ஸுக்கு மாறுவது. உங்கள் பட்டியலில் உள்ள எல்லாமே பிரவுசரிலும், கடிதம் அடிக்கும் லிப்ரே ஆபீஸ் மென்பொருளிலும் முடிகிற வேலை. லினக்ஸ் வகைகளில் லினக்ஸ் மின்ட் 22 வரிசை போதும், அதற்கு 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு. அதில் சினமன், மாத்தே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று முகப்பு வரும். 4 ஜிபி ரேமுக்கு எக்ஸ்எஃப்சிஇ போடுங்கள். பார்க்கக் கொஞ்சம் பழசாக இருக்கும், வேலை சுறுசுறுப்பாக இருக்கும். ஸ்டார்ட் பட்டன் இடது கீழ் மூலையிலேயே இருக்கும், அதனால் பழகப் பெரிய சிரமம் இல்லை.

ஆனால் ஓஎஸ்ஸை மாற்றுவதற்கு முன்னால் அந்த ஹார்ட் டிஸ்க்கை மாற்றுங்கள். இதைத்தான் நான் எல்லோரிடமும் முதலில் சொல்வது. பத்து வருஷம் சுற்றிய டிஸ்க்கின் மேல் எந்த ஓஎஸ்ஸைப் போட்டாலும் அது மெதுவாகத்தான் இருக்கும், எப்போது நிற்கும் என்றும் சொல்ல முடியாது. 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலாத வகை டிஸ்க்) உங்களுக்குத் தாராளம். அதே கேபிள், அதே இடம், ஒரு ஸ்க்ரூ டிரைவர். பழைய டிஸ்க்கைக் கழற்றி அப்படியே பத்திரமாக வைத்துவிட்டால் அதில் இருப்பதும் அழியாது. புது எஸ்எஸ்டியில் மின்ட் போட்டுப் பார்த்துப் பிடிக்கவில்லையா, பழையதைத் திரும்ப மாட்டினால் உங்கள் விண்டோஸ் 10 இருந்த இடத்தில் இருக்கும். இவ்வளவு பயமில்லாத வழி வேறு கிடையாது.

இன்னொன்று. சங்கக் கடிதங்களை வானவில் மாதிரி பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறீர்களா? அப்படியானால் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒன்று இருக்கும், அதிலிருந்து அந்த எழுத்துருக் கோப்புகளைப் பென் டிரைவில் காப்பி செய்துகொள்ளுங்கள். அவை இல்லாமல் அந்தக் கடிதங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்து கிறுக்கலாகத்தான் தெரியும். லினக்ஸில் அந்தக் கோப்பை இரண்டு முறை கிளிக் செய்து திறந்து நிறுவிக்கொள்ளலாம்.

கேள்வி: அக்காவுக்கு அரசுப் பள்ளியில் கொடுத்த விலையில்லா லேப்டாப் இப்போது என்னிடம். 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். குரோம் இனி அப்டேட் ஆகாது என்கிறது. கல்லூரியில் சி, பைத்தான் எழுத வேண்டும். 32 பிட் என்று காட்டுவதால் எதுவுமே போட முடியாது என்று நண்பன் சொல்கிறான். உண்மையா?
(முதலாண்டு மாணவி, விருத்தாசலம்)

பதில்: நண்பர் பாதி சரி. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட்டில் மட்டும்தான் வந்தது, அதனால் அது அப்படித்தான் காட்டும். உள்ளே இருக்கும் புராசஸர் 64 பிட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். புராசஸரின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு இன்டெல் தளத்தில் தேடினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். 64 என்றால் உங்களுக்கு வழி நிறைய. நிஜமாகவே 32 பிட் என்றால்தான் சங்கடம், ஏனென்றால் ஒவ்வொருவராகக் கை கழுவிக்கொண்டு வருகிறார்கள். 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ், பழைய 32 பிட் கம்ப்யூட்டர்களுக்கான இன்ஸ்டாலரையே விட்டுவிட்டது. ஃபயர்ஃபாக்ஸும் லினக்ஸில் 32 பிட்டுக்கு 144-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது.

குரோம் விஷயம்: விண்டோஸ் 7-க்கு 109-ஆம் பதிப்புதான் கடைசி, 2023 தொடக்கத்திலேயே முடிந்த கதை. விண்டோஸ் 7-க்கே 2020 ஜனவரி 14-இல் ஆதரவு போய்விட்டது. அதில் பேங்க் வேலை எதுவும் செய்யாதீர்கள்.

இனி ரேம். 2 ஜிபியில் லினக்ஸ் நன்றாக ஓடும், பிரவுசர்தான் ஓடாது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். "300 எம்பி ரேமில் ஓடும் ஓஎஸ்" என்று யூடியூபில் காட்டுவார்கள், உண்மைதான், அதற்கு மேல் யூடியூபையும் ஜிமெயிலையும் இரண்டு டேபில் திறந்தால் மிச்சம் இருந்ததும் போச்சு. ஆகையால் முதலில் ரேம் சேர்க்க முடியுமா பாருங்கள். அடிமூடியைக் கழற்றினால் இரண்டாவது ஸ்லாட் காலியாக இருக்கலாம். உள்ளே இருக்கும் ரேமின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு போய் அதே வகையைக் கேளுங்கள். டிடிஆர்3 என்றும் டிடிஆர்3எல் என்றும் இரண்டு உண்டு, 1.5 வோல்ட், 1.35 வோல்ட் வித்தியாசம். பழைய ரேம் விற்கும் செகண்ட் ஹேண்ட் கடைகளில் 4 ஜிபி கிடைக்கும். மொத்தம் 6 ஜிபி ஆகிவிட்டால் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ ராஜாவாக ஓடும். ரேம் சேர்க்க வழியே இல்லை என்றால் ஆன்ட்டிஎக்ஸ் அல்லது எம்எக்ஸ் லினக்ஸ், ஒரே நேரத்தில் ஒரு டேப் என்ற ஒழுக்கத்தோடு.

சி, பைத்தானுக்கு லினக்ஸை விட வசதியானது வேறு இல்லை. கம்பைலர், பைத்தான் எல்லாம் ஒரு கட்டளையில் வந்துவிடும், பல லேப்களில் பாடம் நடத்துவதும் அதில்தான். கேரளத்தில் பள்ளிப் பிள்ளைகளே அந்த அரசின் கைட் நிறுவனம் உபுண்டு என்ற லினக்ஸை வைத்துச் செய்த ஓஎஸ்ஸில்தான் படிக்கிறார்கள், நீங்கள் கல்லூரி, பயப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: ஜவுளிக் கணக்கு எழுதுகிறோம். இரண்டு கம்ப்யூட்டர், இரண்டும் 6-ஆம் தலைமுறை. டேலி, ஜிஎஸ்டி, வருமான வரிக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன். லினக்ஸ் போடலாமா?
(கணக்காளர், ஈரோடு)

பதில்: வேண்டாம் அண்ணாச்சி.

டேலி விண்டோஸுக்காகச் செய்தது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் மாதக் கடைசியில் ரிட்டர்ன் போடும் நாளில் அது மக்கர் பண்ணினால் யாரிடம் போவீர்கள்? டோக்கனும் அப்படித்தான், சிலவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டு, ஆனால் டோக்கன், டிரைவர், பிரவுசர், அரசுத் தளத்தின் சைனர் மென்பொருள் என்று நாலும் ஒத்துப்போக வேண்டும். பிழைப்பு நடக்கும் பெட்டியில் பரிசோதனை கூடாது.

விண்டோஸ் 11 ஏறும் ரீஃபர்பிஷ்டு கம்ப்யூட்டர் வாங்குங்கள். கம்பெனிகள் வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்த லேப்டாப்கள் சென்னை ரிச்சி தெருவிலும் கோவையிலும் கொட்டிக் கிடக்கின்றன. டெல் லாட்டிட்யூட் 7490, லெனோவோ திங்க்பேட் டி480 இரண்டும் நல்ல வண்டிகள், ஆனால் ஒரு விஷயத்தில் கவனம்: இந்த இரண்டு மாடலுமே 7-ஆம் தலைமுறைச் சிப்போடும் வந்திருக்கின்றன. வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே ஐ5-7300யூ இருந்தால் உங்களுக்குப் பிரயோஜனமில்லை. 8250யூ, 8350யூ என்று எட்டில் தொடங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். கடையிலேயே மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் மென்பொருளை ஓட்டிக் காட்டச் சொல்லலாம். பேட்டரி எப்படியும் தேய்ந்திருக்கும், அதைச் சொல்லியே விலையைக் குறையுங்கள்.

அப்புறம் டேலி டேட்டா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று மென்பொருளிலேயே காட்டும், பழைய பெட்டியில் யாரும் கை வைப்பதற்கு முன்னால் அதை வெளி டிஸ்க்கில் எடுங்கள்.

கேள்வி: மருமகன் ரூஃபஸ் வைத்து எங்கள் 3-ஆம் தலைமுறை ஐ5-இல் விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்துவிட்டான், ஜம்மென்று ஓடுகிறது. நீங்கள் என்னவோ ஏறாது ஏறாது என்றே எழுதுகிறீர்கள்!
(வாசகர், காரைக்குடி)

பதில்: ஏறும், மறுக்கவில்லை. ரூஃபஸில் பென் டிரைவ் தயாரிக்கும்போது டிபிஎம், செக்யூர் பூட், ரேம் சோதனைகளை எடுத்துவிட ஒரு டிக் இருக்கிறது, அதைப் போட்டால் இன்ஸ்டாலர் வாயைத் திறக்காது. உங்கள் மருமகன் கெட்டிக்காரர்.

நான் சொல்வது அதற்கு அடுத்த வருஷத்தைப் பற்றி. தகுதிப் பட்டியலில் இல்லாத கம்ப்யூட்டருக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் கிடையாது என மைக்ரோசாஃப்ட் எழுத்திலேயே சொல்லிவிட்டது. நடைமுறையில் மாத அப்டேட் பெரும்பாலும் வருகிறது. வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது, மறுபடியும் பென் டிரைவ், மறுபடியும் மருமகன். 24எச்2 பதிப்பு வந்தபோது இன்னொன்றும் நடந்தது. எஸ்எஸ்இ4.2 என்ற கட்டளைத் தொகுதி இல்லாத சிப்பில் அது பூட்டே ஆகாது. கோர் 2 டுவோவில் 11-ஐ ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் அத்தோடு நின்றார்கள். உங்கள் ஐ5-க்கு அந்தத் தொல்லை இல்லை, இன்றைக்கு இல்லை.

ஆக வீட்டிலேயே கவனிக்க ஆள் இருந்தால் செய்யுங்கள். தனியாக இருக்கும் அம்மாவின் கம்ப்யூட்டரில் இப்படிப் போட்டுவிட்டு பெங்களூருக்குப் பஸ் ஏறாதீர்கள்.

கேள்வி: நல்ல ஆன்ட்டிவைரஸ் காசு கொடுத்து வாங்கிப் போட்டால் விண்டோஸ் 10-ஐ அப்படியே வைத்துக்கொள்ளலாம்தானே?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: இல்லை. ஆன்ட்டிவைரஸ் கெட்ட கோப்பு வந்தால் பிடிக்கும், ஓஎஸ்ஸிலேயே இருக்கும் ஓட்டையை அடைக்காது. சொல்லப்போனால் விண்டோஸ் 10-இல் இருக்கும் டிஃபெண்டருக்கே 2028 அக்டோபர் வரை வைரஸ் பட்டியல் வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது, அதனால் வெளியில் காசு கொடுக்க அவசியமே இல்லை. ஓட்டை என்றால் என்ன என்பதற்கு 2017 மே மாதம் வந்த வானாக்ரை என்ற நாசகார மென்பொருள் நல்ல உதாரணம். யாரும் எந்த மெயிலையும் திறக்க வேண்டியிருக்கவில்லை, நெட்வொர்க் வழியாகத் தானே தாவியது. அதற்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள், போடாதவர்களின் கோப்பெல்லாம் பூட்டிக்கொண்டது. விண்டோஸ் 10-இல் அந்த மார்ச் மாத அப்டேட்டுக்குச் சமமான ஒன்று இனி உங்களுக்கு வராது, மேலே சொன்ன திட்டத்தில் பதிவு செய்தால் தவிர.

கேள்வி: அழைப்பிதழ் டிசைன் செய்யும் சிறு கடை. பேஜ்மேக்கர் 7, பழைய தமிழ் எழுத்துருக்கள், பல வருஷத்து ஃபைல்கள், எல்லாம் ஒரு எக்ஸ்பி கம்ப்யூட்டரில். வாடிக்கையாளர் போன வருஷப் பத்திரிகையை எடுத்துத் தேதி மட்டும் மாற்றிக் கேட்பார். இதை எப்படிப் புது ஓஎஸ்ஸுக்குக் கொண்டுபோவது?
(டிடிபி ஆபரேட்டர், சிவகாசி)

பதில்: இந்த முறை வந்ததிலேயே கஷ்டமான கேள்வி இது, உங்களைப் போல நூற்றுக்கணக்கான கடைகள் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல். அதற்குப் பின் அடோபி புதிய பெரிய பதிப்பு எதுவும் கொண்டுவரவில்லை. அந்த ஃபைல்களை இன்டிசைன் திறக்கும், ஆனால் சிஎஸ்6 வரைதான், அதற்குப் பின் வந்த சிசி பதிப்புகள் திறக்காது. திறந்தாலும் தமிழ் அந்தப் பழைய எழுத்துருவிலேயே இருக்கும். அந்த எழுத்துருக்களில் "அ" என்ற எழுத்து கம்ப்யூட்டருக்கு "அ" அல்ல, ஏதோ ஓர் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். எழுத்துருவைப் பறித்தால் தமிழ் போய்விடும். ஒவ்வொரு எழுத்துருக் கம்பெனியும் ஒவ்வோர் இடத்தில் வரைந்ததால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கும் போகாது.

என் யோசனை இது. அந்த எக்ஸ்பியை மாற்றாதீர்கள், தனிமைப்படுத்துங்கள். முதலில் இன்டர்நெட் கேபிளைப் பிடுங்குங்கள். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-இலேயே ஆதரவு முடிந்தது, அது நெட்டில் இருக்கவே கூடாது. அடுத்து அதன் டிஸ்க்கை முழுசாக குளோன் எடுத்து இன்னொரு டிஸ்க்கில் வையுங்கள், குளோன்ஜில்லா இலவசம்தான். வெறுமனே ஃபைல்களை மட்டும் காப்பி செய்தால் போதாது, எழுத்துரு, அந்த எழுத்துருவுக்கான கீபோர்டு மென்பொருள், மென்பொருள் ஓடச் செருகி வைக்கும் டாங்கிள் இருந்தால் அதன் டிரைவர், பிரிண்டர் செட்டிங் எல்லாம் சேர்ந்துதான் உங்கள் கடை. குளோன் கையில் வந்தபிறகு அதையே ஒரு புதுக் கம்ப்யூட்டரில், ஓஎஸ்ஸுக்குள் இன்னொரு ஓஎஸ்ஸை ஓட்டும் வெர்ச்சுவல்பாக்ஸுக்குள் ஓட்டிப் பார்க்கலாம். சில எழுத்துரு மென்பொருள்களின் டாங்கிள் அங்கே வேலை செய்யும், சிலது செய்யாது, அதனால் சோதிக்காமல் பழைய பெட்டியைப் பிரிக்காதீர்கள்.

புது வேலைகளை இன்றிலிருந்து யூனிகோடில் (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில்) புதுப் பெட்டியில் செய்யுங்கள். பழைய பத்திரிகை திரும்ப வந்தால், அந்தச் சமயத்தில் அதை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் உட்கார்ந்து மாற்றுகிறேன் என்று இறங்கினால் முகூர்த்த சீசனில் மாட்டிக்கொள்வீர்கள். லினக்ஸில் ஸ்கிரைபஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, தமிழ் யூனிகோடு இப்போது ஒழுங்காக வருகிறது, ஆனால் உங்கள் தொழில் வேகத்துக்கு அது ஈடு கொடுக்குமா என்றால் என் பதில் இல்லை என்பதுதான்.

கேள்வி: நான் பாமினி எழுத்துரு முறையில் தட்டச்சுப் பழகியவள். உபுண்டுவுக்கு மாறினால் புதிதாகப் பழக வேண்டுமா?
(தட்டச்சாளர், மட்டக்களப்பு)

பதில்: வேண்டாம். ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுப்பை நிறுவுங்கள். அதில் தமிழுக்குத் தமிழ்99, தட்டச்சு முறை, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட் எல்லாம் இருக்கும், இலங்கையின் ரெங்கநாதன் முறையும் இருக்கும். உங்கள் விரல் பழக்கத்துக்கு ரெங்கநாதன் முறை நெருக்கமாக வரும். வருவது யூனிகோடு, அதனால் எங்கே ஒட்டினாலும் தமிழாகவே தெரியும். தமிழ்நாட்டில் அழகி, என்எச்எம் ரைட்டர் வைத்து அடித்தவர்களுக்கும் இதே பதில்தான், அந்த மென்பொருள்கள் விண்டோஸுக்கானவை, முறைகள் இங்கேயும் உண்டு.

கேள்வி: பென் டிரைவ் தயார் செய்தேன், லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒருவழியாகப் பூட் ஆனபின் இன்ஸ்டாலர் ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்கிறது. மண்டை காய்கிறது.
(வாசகர், ஓசூர்)

பதில்: முதல் பாதி: ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பட்டன். டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசஸில் பெரும்பாலும் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் பயாஸுக்குள் (ஓஎஸ் தொடங்குவதற்கு முன் வரும் செட்டிங்ஸ் திரை) போய் "எஃப்12 பூட் மெனு" என்பதை ஆன் செய்தால்தான் அது வேலை செய்யும், இது தெரியாமல் நிறையப் பேர் கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். ரொம்பப் பழைய பெட்டி என்றால் ரூஃபஸில் ஜிபிடிக்குப் பதில் எம்பிஆர் என்று தேர்ந்தெடுத்துப் பென் டிரைவை மறுபடி தயார் செய்யுங்கள்.

இரண்டாம் பாதி: பயாஸில் சாட்டா மோட் "ரெய்டு" அல்லது "ஆர்எஸ்டி" என்று இருக்கும், அதை "ஏஎச்சிஐ" ஆக்குங்கள், டிஸ்க் தெரியும். ஆனால் மாற்றுவதற்கு முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். இருக்கும் விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், இதை மாற்றியதும் அது நீலத் திரை காட்டலாம். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போய் அந்தக் கீயை முதலில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிட்லாக்கர் நாம் ஆன் செய்யாமலேயே ஆகியிருப்பது லேப்டாப்களில் சகஜம்.

பூட் ஆனதும் உடனே "இன்ஸ்டால்" அழுத்தாதீர்கள். மின்ட், உபுண்டு எல்லாம் பென் டிரைவிலிருந்தே ஓடும். அரை மணி நேரம் ஓட்டி வைஃபை, சவுண்டு, கேமரா, டச்பேட், மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று பாருங்கள். வைஃபை வரவில்லை என்றால் பெரும்பாலும் பிராட்காம் சிப். போனைக் கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங் போடுங்கள், நெட் வந்ததும் டிரைவர் மேனேஜர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: பிரிண்டர் வேலை செய்யுமா? என்னிடம் கேனன் எல்பிபி 2900.
(ஜெராக்ஸ் கடை, அறந்தாங்கி)

பதில்: தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒன்று இருக்கும் அதே பிரிண்டர்! லினக்ஸில் தலைவலி தரும் பிரிண்டரும் அதுவேதான். கேப்ட் என்ற கேனனின் தனி மொழியில்தான் அது பேசும். லினக்ஸ் டிரைவர் இருக்கிறது, ஓட வைக்கலாம், ஒவ்வொரு முறை பிரிண்டரை ஆஃப் செய்து ஆன் செய்யும்போதும் ஏதாவது பஞ்சாயத்து வரும். ஜெராக்ஸ் கடைக்கு அது சரிப்படாது, விண்டோஸிலேயே இருங்கள். எச்பி 1020 வைத்திருப்பவர்களுக்கு நிலைமை பரவாயில்லை, எச்பிலிப் மென்பொருள் போட்டு அதன் பிளக்-இன்னை நெட்டிலிருந்து இறக்கினால் ஓடும். எப்சன் இங்க் டேங்க் வகைகள், பிரதர், வைஃபை உள்ள புதிய பிரிண்டர்கள் பெரும்பாலும் செருகியதும் வேலை செய்யும்.

கேள்வி: விண்டோஸ், மின்ட் இரண்டும் வைத்திருக்கிறேன். மின்ட்டிலிருந்து விண்டோஸுக்குப் போனால் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டுகிறது. டி டிரைவிலும் மின்ட்டில் எதையும் சேமிக்க முடியவில்லை. டிஸ்க் போய்விட்டதா?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: டிஸ்க் நன்றாக இருக்கிறது. போர்டில் ஒரு கடிகாரம் உண்டு. லினக்ஸ் அதில் கிரீன்விச் நேரத்தை வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று நினைத்துப் படிக்கும், நமக்கும் கிரீன்விச்சுக்கும் நடுவில் உள்ள ஐந்தரை மணிதான் நீங்கள் பார்ப்பது. மின்ட்டின் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் (timedatectl) கட்டளையால் "போர்டு கடிகாரம் உள்ளூர் நேரம்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் தீர்ந்தது. அதைச் செய்தபின்னும் மணி தப்பினால், அதுவும் பல வருஷம் பின்னால் போனால், போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். மணி தப்பாக இருந்தால் பேங்க் தளங்கள்கூடப் "பாதுகாப்பற்றது" என்று திறக்காது, அதனால் பேட்டரியை மாற்றிவிடுங்கள்.

டி டிரைவ் விஷயம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுசாக மூடுவதில்லை, பாதித் தூக்கத்தில் டிஸ்க்கைப் பிடித்து வைத்திருக்கும். லினக்ஸ் அதைப் பார்த்துவிட்டு, கெடுத்துவிடக் கூடாதே என்று படிக்க மட்டும் திறக்கும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய் அந்த டிக்கை எடுத்துவிட்டு ஒருமுறை ஷட் டவுன் செய்யுங்கள், அடுத்த முறை மின்ட்டில் எழுதலாம்.